இன்டர்னுக்கு நாற்காலி எங்கே போடுவது?

ஒரு கல்லூரி மாணவர் இன்டர்னாக வந்து சேரும் முதல் நாள், பல அலுவலகங்களில் ஒரே மாதிரிதான் போகிறது. வரவேற்பறையில் உட்கார வைக்கிறார்கள். அவர் வரப்போவது பாதிப் பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் தயாராக இல்லை, லாகின் வரவில்லை. யாரோ ஒருவர் அன்பாகப் பேசி, பழைய ரிப்போர்ட் நாலைந்தை எடுத்துக் கொடுத்து, "படிச்சுட்டு இருங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த 'அப்புறம்' சில சமயம் இரண்டு வாரம் கழித்து வருகிறது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அவரவருக்கு அவரவர் வேலை இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எட்டு வாரத்துக்கு வந்தவருக்கு இரண்டு வாரம் போனால் கால் பங்கு போய்விட்டது.

இப்படி வீணாய்ப்போன பயிற்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், மாணவருக்கு ஆர்வம் போதவில்லை, கல்லூரியில் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று காரணம் அடுக்குவார்கள். நான் பார்த்தவரையில், ஒரு இன்டர்ன்ஷிப் உருப்படுமா என்பது மாணவர் வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அவர் எங்கே உட்காரப்போகிறார், யார் பக்கத்தில், அங்கிருந்து எந்த வேலை அவர் கண்ணில் படும்? இதற்குப் பதில் வைத்திருக்கும் இடத்தில் மற்ற குறைகளைச் சமாளித்துவிடலாம்.

'இன்டர்ன்' என்ற சொல்லே இடத்தைக் குறிப்பதுதான். பிரெஞ்சு மொழியில் 'அந்தேர்ன்' என்றால் உள்ளே தங்குபவர். 1802இல் பாரிஸ் மருத்துவமனைகளில் போட்டித் தேர்வு வைத்து மருத்துவ மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவமனைக்குள்ளேயே பணியில் வைத்தார்கள். நோயாளி வருவதையும், மூத்த மருத்துவர் முடிவெடுப்பதையும், அந்த முடிவு மறுநாள் என்ன ஆனது என்பதையும் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வகுப்பில் கேட்ட பாடமும் கட்டிலில் கிடக்கும் நோயாளியும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை மருத்துவம் சீக்கிரமே புரிந்துகொண்ட துறை.

பொறியியலுக்கு இது வந்து சேர இன்னும் நூறு ஆண்டு ஆனது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இல் 27 மாணவர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் தொழிற்சாலை. மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். ஒருவர் வகுப்பில் இருக்கும்போது இன்னொருவர் பட்டறையில் இருப்பார். இந்த ஜோடி ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதலாளிக்கு அந்த இடம் ஒருநாளும் காலியாக இருக்காது. எனவே அது ஓர் உண்மையான வேலையிடமாக இருந்தே ஆக வேண்டும். பொழுதுபோக்காக ஏதோ ஒரு மூலையில் உட்கார வைக்க முடியாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் இதே யோசனையோடுதான் பிறந்தது. அங்கே மாற்றிமாற்றி நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை.

பக்கத்தில் இருந்தால் போதுமா, கற்றல் அதுவாக நடந்துவிடுமா? இதற்கு நான் படித்ததிலேயே தெளிவான பதில் ஒரு தையல்கடையிலிருந்தும் ஓர் இறைச்சிக்கடையிலிருந்தும் கிடைத்தது.

மானிடவியலாளர் ஜீன் லேவ் 1970களில் லைபீரியாவில் வை, கோலா சமூகத்துத் தையல்காரர்களிடம் சிறுவர்கள் எப்படித் தொழில் பழகுகிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு சட்டை உருவாகும் வரிசை என்ன? துணியை வெட்ட வேண்டும், தைக்க வேண்டும், பிறகு பொத்தான் வைத்து, ஓரம் அடித்து, இஸ்திரி போட வேண்டும். பழகுபவர்கள் இதைத் தலைகீழாகக் கற்றார்கள். முதலில் பொத்தானும் ஓரமும் இஸ்திரியும். அடுத்துத் தையல். வெட்டுவது கடைசியில். காரணம் யோசித்தால் விளங்கும். பொத்தான் தப்பாக வைத்தால் பிரித்து மறுபடி வைக்கலாம். துணியைத் தப்பாக வெட்டினால் துணியே போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கடைசி வேலையிலிருந்து ஆரம்பிக்கிறவன் முதல் நாளிலேயே முழுச் சட்டையைக் கையில் பிடித்திருக்கிறான். எந்தத் துண்டு எதோடு சேர்ந்தது, எங்கே வளைவு, எங்கே மடிப்பு என்பது விரலுக்குப் பழகிவிடுகிறது. பின்னால் தைக்க உட்காரும்போது எதற்காகத் தைக்கிறோம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

லேவும் எட்டியன் வெங்கரும் 1991இல் இந்த ஆய்வுகளைத் தொகுத்து, கற்றல் என்பது ஒரு குழுவின் விளிம்பில் நியாயமான ஓர் இடம் பெற்று, மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்வது என்று விளக்கினார்கள். அதே தொகுப்பில் நேர்மாறான எடுத்துக்காட்டும் இருக்கிறது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் இறைச்சி வெட்டப் பழக வந்தவர்களைப் பற்றியது. அவர்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வேகமாகக் கட்டப் பழகியதும், கடைக்கு அதனால் லாபம் என்பதால், அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தேர்ந்த வெட்டுநர்கள் வேலை செய்தது வேறு இடத்தில். பொட்டலம் கட்டும் மேசையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. தெரியாத வேலையை யாரால் கற்க முடியும்?

பொத்தான் வைப்பதும் பொட்டலம் கட்டுவதும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே தரத்து எடுபிடி வேலைகள். வேலை சின்னது என்பதால் தையல்காரப் பையன் கெட்டுப்போகவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தால் எதிரில் மாஸ்டர் துணி வெட்டிக்கொண்டிருப்பார். இறைச்சிக்கடைப் பையன் நிமிர்ந்து பார்த்தால் சுவர். இன்டர்னுக்குச் சின்ன வேலை கொடுக்கலாமா கூடாதா என்று நடக்கும் வாதங்களில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. நகல் எடுக்கச் சொன்னாலும், அந்த நகல் எந்த மீட்டிங்குக்குப் போகிறதோ அந்த மீட்டிங்கில் அவரும் ஒரு நாற்காலியில் இருந்தால், அன்றைய நாள் வீண்போகாது. மாறாக, எவ்வளவு கௌரவமான தலைப்போடு தனி பிராஜெக்ட் கொடுத்தாலும், அவரைத் தனி அறையில் விட்டுவிட்டால் அந்தச் சுவர்தான் எதிரே.

ஆகவே முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது தையல்கடையை நினைத்துக்கொள்வது நல்லது. முடிவுக்கு அருகில் இருக்கும் வேலை, தவறினால் திருத்திக்கொள்ளக்கூடிய வேலை. கணக்குப் பிரிவு என்றால், ஏற்கெனவே முடித்துவிட்ட ஒரு மாதத்தின் வங்கிக் கணக்கையும் புத்தகக் கணக்கையும் எடுத்துக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். விடை தெரிந்த கணக்கு என்பதால் அவர் எங்கே சறுக்கினார் என்பது உடனே தெரியும். நடப்பு மாதத்தை அதற்கு அடுத்த வாரம் கொடுக்கலாம். மென்பொருள் குழுவில், வாடிக்கையாளர் சொன்ன ஒரு கோளாறை அதேபோல மீண்டும் வரவழைத்துக் காட்டச் சொல்லலாம். சரிசெய்வது பிறகு. அதை வரவழைக்கும் முயற்சியிலேயே மொத்த அமைப்பையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். ஆய்வகத்தில், போன மாதம் எடுத்த ஓர் அளவீட்டைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். பத்திரிகையில், அச்சுக்குப் போகவிருக்கும் கட்டுரையில் உள்ள பெயர்களையும் தேதிகளையும் சரிபார்க்கச் சொல்லலாம்.

இந்த வேலைகளுக்கெல்லாம் பொதுவான ஒன்று, அதை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறார் என்பது. "இந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுங்கள், வியாழக்கிழமை நான் இதை வைத்துத்தான் பேசப்போகிறேன்" என்று சொல்லிக் கொடுத்த வேலைக்கும், "சும்மா பழகிக்கொள்ளுங்கள்" என்று கொடுத்த வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். யாருக்கும் வேண்டாத வேலையைச் செய்கிறோம் என்று தெரிந்த பிறகு ஆர்வம் எங்கிருந்து வரும்? அலமாரியில் தூசு படிந்து கிடக்கும், 'யாராவது இன்டர்ன் வந்தால் கொடுக்கலாம்' என்று ஒதுக்கி வைத்த வேலைகளை எடுத்து நீட்டும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அது ஏன் ஒதுக்கப்பட்டது? பெரும்பாலும் அது யாருக்கும் தேவைப்படவில்லை என்பதால்தான். அல்லது அனுபவசாலிகளாலேயே முடியவில்லை என்பதால். இரண்டுமே புதியவருக்கு ஆகாது.

சரி, பக்கத்தில் யார் இருப்பது? இங்கேதான் நிர்வாகங்கள் கணக்கைத் தப்பாகப் போடுகின்றன. இன்டர்னுக்கான செலவு என்றால் உதவித்தொகை, மேசை, கம்ப்யூட்டர் என்று எழுதுகிறார்கள். உண்மையான பெரிய செலவு வழிகாட்டுபவரின் நேரம். அது எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. கம்ப்யூட்டர் பொறியாளர் பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய ஒரு விதி மென்பொருள் உலகில் எல்லோருக்கும் தெரியும்: தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ஏற்கெனவே வேலையில் மூழ்கியிருப்பவர். அவர் கையைத் தூக்கினால் அங்கே வேலை நிற்கும். அனுபவமுள்ள பொறியாளர்களைச் சேர்ப்பதற்கே இந்தக் கதி என்றால், கல்லூரியிலிருந்து நேராக வருபவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நெருக்கடியில் இருக்கும் குழுவுக்கு 'ஒரு கை கூட' என்று இன்டர்னை அனுப்புவது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

பொறுப்பை ஏற்கப்போகிறவரின் மேசையிலிருந்து ஏதாவது ஒரு வேலையை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் இன்டர்னை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி எடுக்க முடியாத மாதம் என்றால் அந்த மாதம் இன்டர்ன் வேண்டாம். இதை நான் கறாராகவே சொல்வேன். பிரான்ஸ் இதையொட்டி ஒரு விதியே வைத்திருக்கிறது. அங்கே 2015இல் வந்த ஆணைப்படி ஒரு வழிகாட்டி ஒரே நேரத்தில் மூன்று பயிற்சி மாணவர்களுக்கு மேல் பொறுப்பேற்க முடியாது. ஒருவர் கவனம் எத்தனை பேருக்குப் பங்கு போகும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்ட விதி அது.

யார் நல்ல வழிகாட்டி? அலுவலகத்திலேயே திறமைசாலி என்று பெயர் வாங்கியவர் எப்போதும் பொருத்தமாக அமைவதில்லை. நமக்குச் சொல்லத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்திருக்கிறது என்று தத்துவவாதி மைக்கேல் போலானி எழுதினார். இருபது வருட அனுபவம் உள்ளவர் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்ததும் 'இதில் ஏதோ இடிக்கிறதே' என்கிறார். எது இடித்தது என்று கேட்டால் அவருக்கே சொல்ல வராது. இரண்டு மூன்று வருடம் முன்பு சேர்ந்தவருக்கு, தான் எங்கே தடுமாறினோம் என்பது இன்னும் நினைவில் இருக்கும். அன்றாடக் கேள்விகளுக்கு அவர் போதும். மூத்தவரிடம் வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் கேட்டு வாங்கி, அவர் ஒரு வேலையைச் செய்யும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். "இந்த எண்ணைப் பார்த்ததும் போன மாத எண்ணைத் தேடுகிறேன், ஏனென்றால்..." என்று அவர் பேசப்பேச, எந்தக் கையேட்டிலும் இல்லாதது வெளியே வரும்.

கேள்வி கேட்பதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். என் பொறுப்பில் வந்த ஒரு மாணவி முதல் பத்து நாட்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கெட்டிக்காரப் பெண், தானே புரிந்துகொண்டு செய்கிறாள் என்று நினைத்தேன். பதினோராம் நாள் அவர் தயாரித்த அட்டவணையைத் திறந்தபோதுதான், ஒரு நெடுவரிசையின் தலைப்பை முதல் நாளிலிருந்தே வேறு பொருளில் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. "முதல் நாளே சந்தேகம் வந்தது சார், இதைக்கூடத் தெரியாதா என்று நினைப்பீர்களோ என்று கேட்கவில்லை" என்றார். பத்து நாள் உழைப்பு போனதைவிட, அந்தப் பத்து நாளும் அவர் மனதில் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் கேட்கும்படியாக நான் ஒன்றும் செய்து வைத்திருக்கவில்லை.

பள்ளியிலும் கல்லூரியிலும் கேள்வி என்பது ஆசிரியர் கேட்பது, பதில் தெரியாதது மாணவரின் குறை. பதினைந்து வருடம் அப்படியே பழகிவிட்டு வருபவரிடம் "எதுவானாலும் தயங்காமல் கேளுங்கள்" என்று ஒருதரம் சொன்னால் ஒன்றும் மாறாது. அதற்குப் பதிலாக நேரம் குறித்துக்கொள்வது பலன் தருகிறது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை பத்து நிமிடம். அப்போது அவர் குறைந்தது ஒரு கேள்வியோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டால், கேட்பது அவர் வேலையின் பகுதியாகிவிடுகிறது. நடுவில் எங்காவது சிக்கினால் இருபது நிமிடம் தானே முயன்று பார்க்கட்டும், அதற்கு மேல் தனியாகத் தவிக்க வேண்டாம். இந்த இரண்டையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தவறுகளும் அப்படித்தான். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உள்ள குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழை அதிகமாக நடந்தது என்பதற்கான அடையாளமாக அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே சொல்லப் பயமில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிந்தது என்று விளக்கினார். மூன்று வாரமாக ஒரு தவறையும் சொல்லாத இன்டர்ன் இருந்தால், அவர் தவறே செய்யவில்லை என்று நிம்மதியடைவதைவிட, பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1947இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு ஒரு ரயில் நிறுவனத்தின் வழக்கு வந்தது. ரயிலில் பிரேக் இயக்கும் வேலைக்குச் சேர விரும்பியவர்களுக்கு அந்த நிறுவனம் ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகக் கூலியில்லாமல் பயிற்சி கொடுத்தது. அவர்கள் தொழிலாளர்களா என்பது கேள்வி. இல்லை என்றது நீதிமன்றம். பயிற்சி பெறுபவர்கள் வழக்கமான ஊழியர் யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை, அவர்களால் நிறுவனத்தின் வேலை சில நேரம் தடைப்படவே செய்கிறது, அதனால் நிறுவனத்துக்கு உடனடி ஆதாயம் ஏதுமில்லை என்பது காரணம். பின்னால் வந்த பல நிறுவனங்கள் இந்தத் தீர்ப்பின் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன. ஆதாயம் இல்லை என்ற நிபந்தனையை விட்டுவிட்டு, கூலி இல்லை என்பதை எடுத்துக்கொண்டன. ஒரு படத் தயாரிப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்தவர்கள் தொடுத்த வழக்கில், 2015இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்வியை வேறுவிதமாக வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பலன் பெறுவது மாணவரா, நிறுவனமா?

எந்த நாட்டிலிருந்தாலும் ஒவ்வொரு வாரமும் தன்னையே கேட்டுக்கொள்ள ஏற்ற கேள்வி இது. ஐரோப்பாவில் சில நாடுகள் கால அளவை வைத்துக் கோடு போட்டிருக்கின்றன. பிரான்சில் பயிற்சி இரண்டு மாதத்தைத் தாண்டினால் உதவித்தொகை கட்டாயம். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாணவர், கல்வி நிறுவனம், வேலையிடம் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். ஜெர்மனியில் 2015இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது, பாடத்திட்டத்தின் பகுதியான கட்டாயப் பயிற்சிக்கு விலக்குத் தந்தார்கள். மாணவர் தானே விரும்பிச் சேரும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாக வேண்டும். இந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் சில வாரங்கள் வேலையிடம்தான் கொடுக்கிறது. நாளாக நாளாக மாணவர் கொடுக்கத் தொடங்குகிறார். அந்தத் திருப்பத்துக்குப் பிறகும் கூலியில்லாமல் வைத்துக்கொள்வது பயிற்சி ஆகாது.

சட்டம் கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் யார் சேர முடியும்? தங்கும் செலவையும் போக்குவரத்துச் செலவையும் வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ள முடிந்தவர். விடுமுறையில் ஏதாவது சம்பாதித்தால்தான் அடுத்த பருவத்துக் கட்டணம் என்ற நிலையில் இருப்பவர் விண்ணப்பமே போடமாட்டார். போடாத விண்ணப்பம் தேர்வுக் குழுவின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தகுதி பார்த்துத்தான் எடுத்தோம் என்று அவர்கள் மனதார நம்பிக்கொண்டிருப்பார்கள். தெரிந்தவர் பிள்ளை என்று சிபாரிசில் எடுப்பதும் இதே கதவை இன்னொரு பக்கத்திலிருந்து சாத்துவதுதான்.

கடைசி வாரத்துக்கும் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு வேண்டும். பல இடங்களில் அது சர்டிபிகேட் அச்சடிப்பதோடு முடிகிறது. 'இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இங்கே பயிற்சி பெற்றார்' என்ற ஒரு வரியால் அடுத்து வேலை கொடுப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. என்ன செய்தார், அதில் எது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, எந்த இடத்தில் தானாக முடிவெடுத்தார் என்று கூடப் பணிபுரிந்தவர் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால், அது அவர் கூடவே பல வருடம் வரும். எழுத உட்கார்ந்தால் எழுத ஒன்றுமில்லை என்று தெரிகிறதா? அப்படியென்றால் அந்த எட்டு வாரம் எப்படிப் போனது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அதனால்தான் அந்த அரைப்பக்கத்தின் வரைவை நான் நான்காம் வாரமே எழுதிப் பார்க்கிறேன். காலியாக இருந்தால் நிரப்ப இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

அப்புறம், போகிறவர் விட்டுச்செல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நமக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதவையெல்லாம் புதியவர் கண்ணில் பட்டிருக்கும். எந்தச் சுருக்கெழுத்து என்னவென்று தெரியாமல் முழித்தார், எந்தப் படிவத்தை யாரிடம் கொடுப்பது என்று அலைந்தார், எந்தக் கோப்பு பழையது என்று யாருமே சொல்லவில்லை. இவற்றையெல்லாம் கடைசி இரண்டு நாளில் ஒரு குறிப்பாக எழுதித் தரச் சொல்கிறோம். படிக்கப்போவது அடுத்து வரும் இன்டர்ன் என்று சொல்லித்தான் கேட்கிறோம், மேலதிகாரிக்கு என்றால் மரியாதையாக மழுப்பி எழுதிவிடுவார்கள். அந்த மாணவி எழுதிவிட்டுப் போன குறிப்பின் முதல் வரி, அட்டவணையில் மூன்றாவது நெடுவரிசையின் தலைப்புக்கு என்ன பொருள் என்பது. இப்போது வருகிறவர்கள் முதல் நாள் காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.